கால்வாய்க் கரையில் மறைத்த செய்தி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவுக்கு வந்து நான்கு வருடமான நானும் மனைவியும் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எங்கள் இரண்டாவது அறையில் ஓர் அண்ணை வாடகைக்கு இருந்தார். தொழிற்சாலை வேலை, தனி ஆள். அவருக்கு ஒரு விசர். நெடுஞ்சாலையோரத்தில் தேசிய நினைவுச் சின்னம் என்று ஒரு பலகையைக் கண்டால் போதும், காரைத் திருப்பிவிடுவார். நயாகராவுக்கு ஊரே போகும். இவருக்கு ஒருவரும் போகாத இடம்தான் வேண்டும். ஒரு நீண்ட வார இறுதியில் கிங்ஸ்ரன் பக்கம் அப்படியான இடங்களைச் சுற்றுவதென்று இரண்டு மாதமாக வரைபடமும் கையுமாகத் திரிந்தார்.

புறப்பட முதல் நாள், வெள்ளிக்கிழமை, அவர் வேலைக்குப் போயிருந்தபோது கொழும்பிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த இடத்தில் தாய் இறந்துவிட்டார். எரித்து எட்டு நாளாகிறதாம். செய்தி இப்போதுதான் வந்ததாம். "அண்ணாட்டைப் பதமாச் சொல்லுங்கோ" என்று அழுதார்.

எல்லாம் முடிந்துவிட்டது, ஆசைப்பட்ட பயணத்தைப் போய்விட்டு வரட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்வோம் என்று நானாகவே முடிவெடுத்தேன். பயணத்தில் இருப்பவருக்கும் சோதனை எழுதுபவருக்கும் செத்த செய்தியை ஒளிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்தானே. மனைவிக்குத்தான் மனமில்லை. "செத்தவீட்டுத் துடக்குக்காரருக்கு மச்சம் மாமிசம் குடுக்கப்படாது" என்று, ஆட்டிறைச்சி ரோல்ஸுக்குப் பதிலாக வடையும் புளிச்சாதமும் கட்டித் தந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பொதியைத் திறந்தவர், "என்ன காணும், கோயிலுக்கே போறம்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வழியில் ஒரு கடையில் பொரித்த கோழி வாங்கினார். தடுத்தால் காரணம் சொல்லவேண்டும். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கித் தின்றேன்.

அன்றைக்கு ஒரு பழைய காற்றாலைக் கோபுரம் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கால்வாய்க் கரைக்குப் போனோம். அதை வெட்ட வந்து, காய்ச்சலில் செத்த கூலியாட்களுக்காக ஒரு கல் நட்டிருந்தார்கள். பலருடைய பெயர்கூடத் தெரியாதாம். எங்களைத் தவிர அங்கே ஒரு சனமில்லை. அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு எழுத்துகளை ஆறுதலாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவையின்ர தாய்மாருக்கு ஆர் போய்ச் சொல்லியிருப்பினம்?" என்றார்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் "வாங்கோ அண்ணை, நேரமாகுது" என்றுதான் சொன்னேன். என்னைப்போல ஒரு கோழையை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், கதவடியில் சப்பாத்துகளும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. கொழும்பிலிருந்து செய்தி அறிந்த அவருடைய சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அண்ணைக்கு விளங்கவில்லை. "என்ன, உம்மட வீட்டில ஏதும் விசேஷமே? சொல்லேல்லை!" என்று முகம் மலரக் கேட்டார். கதவுக்கு வெளியே, அந்த மாடி நடைபாதையில் வைத்துத்தான் சொன்னேன். பதமாகச் சொல்ல எனக்கு நேரமே இருக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை, அண்ணை."

"நேற்று நான் கோழியெல்லோ தின்டனான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "சிரிச்சுச் சிரிச்சுத் தின்டனான். அது என்ர அம்மா, என்ர துக்கம். நீர் ஏன் வச்சிருந்தனீர்?"

அவர் உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்து, தாயின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதார். முப்பத்தோராம் நாள் காரியம் வரைக்கும் எங்களோடுதான் இருந்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. பிறகு வேறிடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

நல்லது செய்வதாக நினைத்து, பெற்ற தாய்க்காக ஒரு மகன் அழவேண்டிய இரண்டு நாட்களை அவரிடமிருந்து பறித்துவிட்டேனே என்ற குற்ற உணர்வு, இன்றைக்கும் யாருக்காவது செத்த செய்தி சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் நெஞ்சை அடைக்கிறது.