கல்லுப்பட்டிச் செக்கு எண்ணெயும் ஒரு திருகுமூடி டின்னும்

செக்கு எண்ணெய் ஆட்டிக்கொண்டு வர டி. கல்லுப்பட்டிப் பக்கம் போகலாமா என்று இந்த வலைப்பதிவில் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தாராளமாகப் போகலாம். போவதற்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போய் வந்த ஒரு பயணத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரே சனிக்கிழமையில் அந்தச் சாலையில் இரண்டு தடவை போனேன். முதல் தடவை எண்ணெய்க்காக. இரண்டாவது தடவை ஒரு டின்னுக்காக.

அப்போது தல்லாகுளத்தில் குடியிருந்தோம். எனக்கு அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கல்லுப்பட்டிக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர். அவருடைய அண்ணன், எனக்குப் பெரிய மச்சான், அங்கே விவசாயம் பார்த்தார். கரிசலில் பருத்தி, ஒரு துண்டு நிலத்தில் மாசிப்பட்டத்து எள். வைகாசியில் எள் வீட்டுக்கு வந்ததும் ஆட்டி இரண்டு வீட்டுக்கும் பங்கு வைப்பார்கள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது, எனக்குக் கடை எண்ணெய் பிடிக்காது. அதனால் வருஷா வருஷம் நான்தான் போவேன்.

வழி சுலபம். டவுன் பஸ்ஸில் பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ராஜபாளையம் போகும் எந்த பஸ்ஸும் ஆகும். திருமங்கலம் இருபது கிலோமீட்டர், அதற்கப்புறம் கல்லுப்பட்டிக்கு இருபத்து நாலு. அன்றைய டிக்கெட் விலையைச் சொல்லி உங்களைப் பெருமூச்சு விட வைக்க மாட்டேன். காலையில் போய் மத்தியானத்துக்கு மேல் திரும்புகிறவர்கள் இரண்டு தடவையும் வலப்பக்கம் உட்காருங்கள். இடப்பக்கம் வெயில் பொசுக்கிவிடும்.

கல்லுப்பட்டியில் செக்குக்காரர் மாட்டை விற்றுவிட்டு மோட்டார் போட்டிருந்தார். இரண்டு நாள் வெயிலில் காய்ந்து, கல் மண் புடைத்த எள்ளை மச்சான் வண்டியில் கொண்டு வந்திருந்தார். செக்கில் எள் மசிந்து வரும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்கள். அப்போதுதான் எண்ணெய் பிரியும், கசப்பும் தெரியாது. கலங்கலாக, கைச்சூட்டோடு வரும் அந்த எண்ணெயின் மணத்துக்கே நாற்பத்து நாலு கிலோமீட்டர் போகலாம்.

என் பங்கு ஒரு பழைய டால்டா டின்னில் இறங்கியது. வாயில் ஈயம் வைத்து அடைத்தாலும் பஸ்ஸில் ஒழுகும் ஜாதி. மச்சான் தன் பங்குக்கு வேறொரு டின் கொண்டு வந்திருந்தார். தாளைச் சுரண்டி எடுத்த வெள்ளைத் தகரம், இரண்டு பக்கமும் வரிவரியாகப் பள்ளம், நீல நிறத்தில் திருகுமூடி. கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. எனக்கு ஆசையாகிவிட்டது.

"மச்சான், பஸ்ல போறவ நான். அந்த டின்ன எனக்குக் குடுங்களேன்."

"ஒங்க அக்காவுக்குன்னு சாம்பல் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன்மா. அடுத்த வருசம் ஒனக்கு ஒண்ணு தேடித் தாரேன்."

அக்கா என்று அவர் சொன்னது தன் மனைவி பாண்டியம்மாளை. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று சாயங்காலம் புது எண்ணெயில் பிள்ளைகளுக்குப் பணியாரம் என்று அக்கா மாவு ஆட்டி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மச்சான் வண்டியைக் கட்டினார். நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

திருமங்கலத்தில் பஸ் நின்றது. விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மடியில் அதே டின். அதே வரிப்பள்ளம், அதே நீல மூடி. ஆனால் இதில் தாள் கிழியாமல் ஒட்டியிருந்தது. சிவப்பு முக்கோணத்துக்குள் மண்டையோடு, கீழே விஷம் என்று பல பாஷையில் எழுத்து.

"என்னண்ணே இது?"

"பருத்திக்கு அடிக்கிற மருந்தும்மா. தள்ளி ஒக்காரு."

"காலியானப்புறம் கழுவிட்டுப் பொழங்கலாமா?"

"எம்புட்டுக் கழுவுனாலும் ஆகாதும்மா. எங்க ஊர்ல ஒருத்தரு கழுவிட்டு அதுல மாட்டுக்குத் தண்ணி மோந்து வச்சாரு. ரெண்டு உருப்படி..." என்றவர் கையை விரித்தார்.

கண்டக்டர் விசில் ஊத, நான் என் டால்டா டின்னோடு குதிக்காத குறையாக இறங்கினேன். போன் பண்ண மச்சான் ஊரில் யார் வீட்டிலும் போன் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடைக்காரரிடம் டின்னைத் தள்ளினேன்.

"பாத்துக்கங்கண்ணே. வந்து வாங்கிக்கிறேன்."

"எப்ப வருவீக?"

"தெரியலண்ணே."

கல்லுப்பட்டி வழியாகப் போகும் பஸ் ஆளில்லாமல் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். கூட்டம் ஏறட்டும் என்றார். மரியாதையெல்லாம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"எங்க வீட்டுப் புள்ளைக வெசத்தத் திங்கப் போகுதுண்ணே. தெரியாமத் திங்கப் போகுது. எடுங்க."

என் முகத்தைப் பார்த்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஏறினார். வழியில் கை காட்டியவர்களுக்குக்கூட நிறுத்தவில்லை. கண்டக்டர் முணுமுணுத்ததற்கு, "டிப்போவுல நான் பதில் சொல்லிக்கிறேன்டா" என்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன். உட்கார முடியவில்லை. மச்சானின் மூன்று பிள்ளைகளின் முகமும் மாறி மாறி வந்தது.

கல்லுப்பட்டியில் இறங்கினால் ஊருக்கு டவுன் பஸ் ஆறு மணிக்குத்தான். நடக்க ஆரம்பித்தேன். பின்னால் வந்த டிராக்டரை மறித்து விஷயத்தைச் சொன்னதும் அதை ஓட்டியவர், "மாப்ள, நீ பின்னால ஏறிக்க, அந்தம்மா ஒக்காரட்டும்" என்று பக்கத்தில் இருந்தவரை எழுப்பினார். ஐந்து கிலோமீட்டர் மண் ரோட்டை அப்படி யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே பணியார வாசம். அடுப்பில் சட்டி, குழிகளில் மாவு. பக்கத்தில் நீல மூடி திறந்த டின். தட்டு மூன்றும் காலியாக இருந்தன. சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துச் சாம்பலில் கவிழ்த்தேன். கை சுட்டதே அப்புறம்தான் தெரிந்தது.

"யாரும் தின்னீங்களா? சொல்லுங்க."

இதுதான் முதல் ஈடு, இன்னும் யாரும் தின்னவில்லை என்று அக்கா எழுந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அந்த டின்னு மேல ஒனக்குக் கண்ணு. செக்குலயே கேட்டியாம்ல. கிடைக்கலன்னதும் வெசம்ங்கிறியா?"

பயம் இறங்காத எனக்குக் கோபம்தான் வந்தது. என்னென்னவோ கத்தினேன். சத்தம் கேட்டுத் தொழுவத்திலிருந்து மச்சான் வந்தார். டின் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தோட்டத்து ஷெட்டில் என்றார். அதில் முன்னே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"நானே கழுவுனேன். சாம்பல், புளி, சீயக்கா எல்லாம் போட்டு. என் புள்ளைகளுக்கு நானே வெசம் வைப்பேனா?" என்றவர் டின்னைச் சாய்த்து உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்தார். "இந்தா, ஒங்க கண்ணு முன்னாலயே குடிக்கிறேன்."

நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறேன். கை வாய்க்கிட்டப் போய்விட்டது. அக்கா வாசலுக்குப் போனாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கடைக்குட்டியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"அம்புட்டு நிச்சயம்னா மொதல்ல இவளுக்குக் குடுங்க."

மச்சான் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் வாயைத் திறந்தாள். அவர் கை மெல்ல இறங்கியது. எண்ணெய் முழங்கை வழியாகத் தரையில் சொட்டியது. கையைச் சாம்பலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு கிணற்றுக்கு எட்டாத தூரத்தில் வயல் ஓரம் குழி தோண்டி, எண்ணெயை ஊற்றி மூடி, டின்னைக் கடப்பாரையால் நசுக்கி அதையும் புதைத்தார்.

மறுநாள் அக்காவும் என்னோடு திருமங்கலம் வந்தாள். பழக்கடைக்காரர் டின்னைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். பாதியை அக்கா கொண்டு வந்த தூக்குச்சட்டிகளில் ஊற்றினோம். போனால் போகிறது, அந்த வருஷம் பாதிக்குமேல் கடை எண்ணெய்தான் இரண்டு வீட்டிலும்.

இனி போகிறவர்களுக்கு. எவர்சில்வர் தூக்கோ, என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரிந்த டின்னோ கொண்டு போங்கள். செக்கடியில் யார் பாத்திரம் கொடுத்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் பாத்திரத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி மூன்று நாள் வெயிலில் வையுங்கள். மண்டி அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மட்டும் பீங்கான் ஜாடிக்கு மாற்றுங்கள். வெளிச்சம் படாத இடம் நல்லது. ஈரக் கரண்டி பட்டால் சிக்கு வாடை வந்துவிடும், அப்புறம் விளக்குக்குத்தான் ஆகும்.

அந்த எண்ணெயில் மருந்து இறங்கியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து புது எண்ணெயில் சுட்ட முதல் பணியாரத்தை மச்சான்தான் எடுத்துத் தின்பார். தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் தட்டோடு எதிரே காத்திருப்பார்கள். அரைமணி நேரம் போன பிறகுதான், "ம், போடு" என்று அக்காவைப் பார்த்துச் சொல்வார்.