பத்து அசைவு

என் வாய் சரியில்லை. என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், நான் கூட இருந்த தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள், இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு மீன் தருகிற சேச்சிகூடச் சொல்லியிருக்கிறாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் டூலா. மருந்து கொடுக்க மாட்டேன், பிரசவம் பார்க்க மாட்டேன். கர்ப்பம் சிக்கலாகிப்போன பெண்களோடு கூட இருப்பதுதான் வேலை. செக்கப்புக்குக் கூட்டிப்போவேன், டாக்டர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொல்வேன், வலி வந்தால் இடுப்பைப் பிடித்துவிடுவேன். இதுக்கெல்லாம் ஒரு ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றவள் பக்கத்தில் இல்லாத பெண்ணிடம் போய்க் கேட்கட்டும்.

நான் சொல்ல வந்த பெண்ணும் அப்படிப்பட்டவள்தான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஓட்டலில் பரோட்டா போடுகிறவன். இஞ்சி கோடவுனுக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. ஏழாம் மாதத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறியது, பிள்ளையின் எடையும் போதவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். பக்கத்தில் பத்துப் புளியங்கொட்டை. பிள்ளை அசையும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்தும் கிண்ணத்துக்குப் போகவில்லையென்றால் உடனே என்னைக் கூப்பிட வேண்டும். கவனியுங்கள், என்னை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் சொல்லவில்லை. பாஷை தெரியாத பெண் தனியாகப் போய்த் திண்டாட வேண்டாம், நான் கூட்டிப்போகிறேன் என்று நினைத்தேன். என்ன ஒரு பெரிய மனுஷித்தனம்!

ஒரே வாரத்தில் மூன்று முறை கூப்பிட்டாள். முதல் முறை ஏழு கொட்டையில் நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளை சுகமாக இருந்தது. இரண்டாவது முறை படுத்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள். மூன்றாவது முறை நான் எறணாகுளத்தில் வேறொருத்தியின் பிரசவ வலியில் கூட இருந்தேன். அவளை அவளுடைய நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து, தோப்பும்படி பாலத்தில் வெயிலில் வெந்து, மாடிப்படி ஏறினால் இவள் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறாள்.

"இப்பத்தேன் உதைச்சிச்சுக்கா" என்று சிரித்தாள்.

"உனக்கு ஜோலி இல்லேன்னா எனக்கும் இல்லேன்னு நெனச்சியா? அங்க ஒருத்தி உயிர் போற மாதிரி கத்தறா, அவளை விட்டுட்டு வரேன், நீ இளிக்கறே! இனி சும்மா சும்மா கூப்பிட்டே, நான் வரவே மாட்டேன், பாத்துக்கோ."

அவள் கையிலிருந்த கப்பையைத் தட்டில் வைத்தாள். "சரிக்கா" என்றாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. திட்டித் தீர்த்துவிட்டால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அடுத்த வாரம் வழக்கமான நாளில் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிண்ணத்தில் மூன்று கொட்டை கிடந்தது.

"எப்போலேர்ந்து?"

"நேத்து மத்தியானத்துலருந்துக்கா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மலையாளத்தில் சொன்னாள். அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். அவள் அழவில்லை. அந்தப் பிள்ளையை அவள் வலியெடுத்துத்தான் பெற்றாள். முழு நேரமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண் பிள்ளை. மூக்கு அவளுடையது.

நேற்றே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றுவரை கேட்கவில்லை. புருஷன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்ததாலதேன் இவளாவது பிழைச்சா" என்றான். அவள் அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாவி, வாயைத் திறக்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அடிக்காத போன் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. குளிக்கும்போது, மீன் கழுவும்போது, பஸ்ஸில். ஈரக்கையோடு ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. போன் சும்மா கிடந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. எங்கோ ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று தோன்றும்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். புருஷன் என்னைத்தான் தேடி வந்தான். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அக்காதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். போனேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு நான் திட்டலேன்னா நீ கூப்பிட்டிருப்பே. உன் கொழந்தைய நான்தான் கொன்னேன்."

"அதெல்லாம் இல்லக்கா. சாயா ஆறுது, குடிங்க" என்றாள்.

புளியங்கொட்டை பத்து சேராவிட்டால் இந்த முறை நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். என்னையும் சும்மாவாவது கூப்பிடச் சொன்னேன், கெஞ்சினேன். ஏழு மாதம் வரை அவள் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. நான்தான் தினமும் நாலு தடவை கூப்பிட்டேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, போன் நிஜமாகவே அடித்தது. "கோவிச்சுக்காதீங்கக்கா" என்றுதான் ஆரம்பித்தாள். "ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கேன். காலையிலருந்து அசைவே இல்லை."

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. நான் நுழையும்போது அவள் வயிற்றில் பட்டை கட்டியிருந்தார்கள். மெஷினில் பிள்ளையின் இதயம் குதிரை ஓடுவது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு குழப்பமும் இல்ல கேட்டோ, கொச்சு உறங்குகயாயிருந்நு" என்று நர்ஸ் சிரித்தாள். பிள்ளை தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அவள் மெஷினைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள். "சும்மா கூப்பிட்டுட்டேன். உங்களுக்கு ஜோலி இருந்திருக்கும்."