வீட்டுக்கு ஒரு ஆள்

புனிதாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது, "குடும்பத்தக் காப்பாத்துன பொண்ணு" என்பதுதான். கோயில் திருவிழாவில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிற யாரும் தங்கள் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்ததில்லை.

சிலிம் ரிவருக்கு உள்ளே எங்கள் தோட்டத்தில், இன்று செம்பனை நிற்கிற இடமெல்லாம் அப்போது ரப்பர். கம்பெனி வரிசையாகக் கட்டிய லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை, வேலைக்குச் சொந்தம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வீட்டுக்கு ஒரு ஆளாவது வந்து நிற்க வேண்டும். நிற்க ஆளில்லை என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புனிதாவின் அப்பா பத்துமலை பக்கவாதத்தில் விழுந்தபோது அவள் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி மகேந்திரன் ஒன்றாம் படிவம். பெண் பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று லயமே கூடிப் பேசி, அவளையே வேலைக்கு நிறுத்த முடிவு செய்துவிட்டது. அவளை ஒருவரும் கேட்கவில்லை.

"ஒரு வருசந்தான் புள்ள. அப்பா எந்திரிச்சதும் நீ ஸ்கூலுக்குப் போலாம்" என்றார் வேலை வாங்கும் மண்டோர்.

அப்பா எழுந்திருக்கவேயில்லை. சில வருடங்களில் தோட்டம் கைமாறியது. புது நிர்வாகம் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டது, லயத்தையும் இடித்துத் தள்ளியது. எந்த வீட்டுக்காக ஒரு பிள்ளையின் படிப்பைக் கொடுத்தார்களோ, அந்த வீட்டின் நிலைக்கதவுகூட மிஞ்சவில்லை. கம்பெனியின் வீட்டை நம் வீடு என்று நம்பி ஏமாந்த கூட்டம் நாம்.

மகேந்திரன் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். பரீட்சை எழுதினான், அதற்கு மேலும் படித்தான். இப்போது ஈப்போவில் அரசாங்க வேலை. வருடா வருடம் சம்பளம் ஏறுகிறது, காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு, நாளை ஓய்வூதியமும் உண்டு. அக்காள் அன்றும் கூலி, இன்றும் கூலி. செம்பனை நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்பித் தூக்குகிறாள், பண்ணை கொடுத்த குவாட்டர்ஸில்தான் குடியிருப்பு. அரசாங்கம் அடிப்படைச் சம்பளத்தை ஏற்றினால் மட்டும் அவளுக்கும் ஏறும். நேற்று சேர்ந்தவனுக்கும் அதே சம்பளம்தான். மேற்பார்வை வேலைக்கு எஸ்.பி.எம். கேட்பார்கள், அந்தப் பக்கமே அவள் தலைவைக்க முடியாது. கணவன் லாரி விபத்தில் இறந்த பிறகு மகள் சாந்தினிதான் அவளுக்கு எல்லாம். அந்தப் பெண் இந்த வருடம் ஐந்தாம் படிவம்.

போன மாதம் புனிதாவின் முட்டி தேய்ந்துவிட்டது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே மேற்பார்வையாளன் கனகராஜ் வீடு தேடி வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, இந்தக் குவாட்டர்ஸ் வேல செய்யறவங்களுக்குத்தான்லா. ஆள் இல்லன்னா மாசக் கடைசில காலி பண்ணணும். ஒங்க மக பேரக் குடுங்க, வீடு ஒங்களுக்கே இருக்கட்டும். பரீட்சைய அடுத்த வருசம் பிரைவேட்டா எழுதிக்கலாம். எழுதுனாலும் மொதல்ல அதே ஆயிரத்து எழுநூறு வெள்ளிதானே கெடைக்கப் போகுது."

அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கும் இந்தப் பக்கத்தில் முதல் மாதம் அதே சம்பளம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏறிப் போக ஒரு வழி இருக்கிறது. புனிதாவுக்கு முப்பது வருடமாக அதே முதல் மாதம்தான். அதை மட்டும் கனகராஜ் சொல்லவில்லை. சான்றிதழைக் காட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா?

புனிதா வாய் திறக்கும் முன் சாந்தினி முந்திக்கொண்டாள். "சரிண்ணே, நான் வேலைக்கு வாரேன்." அம்மா பக்கம் திரும்பி, "நீயும் இதத்தானம்மா செஞ்ச. எல்லாரும் ஒன்னப் பெருமையாத்தானே பேசறாங்க" என்றாள்.

அடித்துவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். புனிதா அடிக்கவில்லை.

"நான் ஒன்னும் செய்யல. அழ அழ என்னக் கொண்டுபோயி பெரட்டுல நிப்பாட்டுனாங்க. என்னக் குடுத்து வீட்ட வச்சுக்கிட்டாங்க. அதுல என்ன பெரும?" என்றாள். பிறகு கனகராஜிடம், "தம்பி, நாளைக்குச் சாவி ஒங்க ஆபீசுக்கு வரும். மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்றாள்.

அவன் போனதும் சாந்தினி அழ ஆரம்பித்தாள். "எங்கம்மா போவோம்?"

"தெரியல. ஆனா ஒன்னக் குடுத்து நான் வாடக கட்ட மாட்டேன்."

மகேந்திரனுக்கு நான்தான் போன் அடித்தேன். பரீட்சை முடியும் வரைக்குமாவது அக்காள் அவசரப்படாமல் இருந்திருக்கலாம் என்றான் அவன். ஈப்போவில் மூன்று அறை வீட்டில் இருந்துகொண்டு சொன்னான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன்.

மறுநாள் சாந்தினி சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். புனிதா சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்து, சாமான் மூட்டைகளோடு என் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். சாயங்காலம் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்று அவளுக்கு அப்போதும் தெரியாது.