விருந்தாளிக்காகக் கூட்டிய காடு

மைசூரில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "காட்டு ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். செத்த மரங்களை எண்ணுவதுதான் என் வேலை. அக்ரஹாரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா ஒருமுறை விடாமல் துருவிக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உயிரோட இருக்கிற மரமெல்லாம் தீந்துபோச்சா?" என்றார்.

சிரிக்கட்டும். விழுந்த மரம் ஒன்றும் குப்பையில்லை. நின்ற காலத்தில் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கார்பன், செத்த பிறகும் பல வருஷம் அதற்குள்ளேயே கிடக்கும். கறையானும் காளானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அதை வெளியே விடும். எத்தனை வருஷத்தில் விடும் என்று தெரிய வேண்டுமானால், கட்டை விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அதற்காக ஹனூர்ப் பக்கத்துக் காட்டில் ஒரு துண்டைக் கயிறு கட்டி ஒதுக்கி, கட்டைக்குக் கட்டை எண் போட்ட அலுமினியத் தகடு மாட்டியிருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை போய்க் கத்தியால் குத்தி, எவ்வளவு மக்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவோம். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

அங்கே காவலுக்கு மார்டள்ளியிலிருந்து ஓர் அக்கா வருவார். அவர் வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருத்திதான். சுள்ளி பொறுக்க வருகிறவர்களை விரட்டுவதில் சூரப்புலி. சொந்த நாத்தனாரையே விறகுக் கட்டோடு பிடித்து, பிரித்துப் போடவைத்த பிறகுதான் விட்டார்.

போன வருஷம், திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய ஒரு பெரிய விஞ்ஞானி அம்மா வருவதாகச் சொன்னார்கள். நான் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, நாளன்னைக்கி பெரியவங்க வர்றாங்க. எடம் பளிச்சுனு இருக்கணும்."

நான் நினைத்தது பிளாஸ்டிக் பாட்டிலையும் பிஸ்கட் கவரையும். அதை வாயைத் திறந்து சொன்னேனா? சொல்லவில்லை.

"நீங்க ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க அம்மிணி. நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

ஜீப்பை விட்டு இறங்கிப் பார்த்தால், அக்கா காட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார். கயிற்றோரம் பெரிய கோலம். கட்டைகளை எல்லாம் ஒரு மூலையில், தடித்தது கீழே, மெலிந்தது மேலே என்று அழகாக அடுக்கியிருந்தார். தூக்க முடியாத ஓர் அடிமரம் மட்டும் கிடந்த இடத்தில் கிடந்தது, அதற்கும் சந்தனம் குங்குமம். தகடுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கம்பியில் கோத்து மாலையாக்கி வைத்திருந்தார். நான் "ஐயோ" என்பதற்குள் அதை விஞ்ஞானி அம்மாவின் கழுத்தில் போட்டேவிட்டார். அந்த அம்மா பாவம், கும்பிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. "என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? கூறு இருக்கா உங்களுக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நீங்கதானுங்க பளிச்சுனு..." அக்காவின் முகம் விழுந்துவிட்டது. பிறகு ரோஷம் வந்து, "ஒரு குச்சி வெளிய போகலீங்க. கார்பனெல்லாம் இங்கயேதான் இருக்குது. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க" என்றார்.

கூட வந்திருந்த எங்கள் திட்டத் தலைவர், எங்கள் சார், என்னை ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு படிவத்தை நீட்டினார். இடத்துக்கு என்ன சேதம், எதனால் என்று எழுத வேண்டும். தீ, காற்று, யானை, திருட்டு, மற்றவை என்று கட்டங்கள்.

"யானைன்னு போடும்மா. பர்வாகில்ல, அது வந்து கேக்கவா போகுது?" என்றார் சார்.

"யானை கோலம் போடுமா சார்?"

"அப்ப வாட்ச்மேன் தப்புன்னு எழுது. வேற ஆளைப் போட்டுக்கலாம். உன் வேலையும் இந்த மாசம் ரின்யூ ஆகணும், ஞாபகம் இருக்கில்ல?"

நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால்தான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அங்கே அக்கா அடுக்கிலிருந்து ஒரு கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அது எங்கே கிடந்தது என்று தேடி அலைந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் வைப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி தூக்குவார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'இடத்தைப் பளிச்சென்று வைக்கச் சொன்னது நான். காவலர் சொன்னதைச் செய்தார்.' சாரைத் தாண்டிப்போய் நேராக விஞ்ஞானி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். இந்த வருஷத்தை முதல் வருஷமாக வைத்து மறுபடி ஆரம்பிக்கலாம், காவலுக்கு இதே அம்மா இருக்கட்டும் என்றார். சார் மட்டும் என்னைப் பார்த்து, "உன் விஷயம் ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார்.

நான் அக்காவிடம் போனேன். எல்லார் முன்னாலும் கத்தியவள், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமே.

"அக்கா, தப்பு என்மேலதான். உங்களைப் பாத்துக் கத்துனதும் தப்பு. மன்னிச்சிருங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதை நான் கட்டையைத் தூக்கறதுக்கு முன்னாலயே சொல்றதுக்கென்னங்க அம்மிணி?" என்றார். "புடிங்க அந்தப் பக்கம்."