ஆறு இலக்க விதி

நெல்லித்தோப்பில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடமும் என் பொறுப்பு, மெயில் சர்வரும் என் பொறுப்பு. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

லாட்டரி, கடன், மருந்து என்று குப்பை மெயில்கள் கொட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சர்வரின் வடிகட்டிக்கு நாம் கொடுத்த சொல்லை அப்படியே தேட மட்டும்தான் தெரியும். ஓர் எழுத்தை மாற்றினால் ஏமாந்துவிடும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் உட்கார்ந்து அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் சேர்த்தேன். ஆளைச் சொல்லாமல் சாடையைச் சொல்லிப் பிடிக்கச் சொல்வது மாதிரி அது. குப்பை பெரும்பாலும் பெயரும் பின்னால் நீளமான எண்ணும் கொண்ட முகவரிகளிலிருந்து வந்தது. ஆகவே ஒரு விதி எழுதினேன்: முகவரியில் எழுத்துகளுக்குப் பின் ஆறு இலக்கமோ அதற்கு மேலோ வந்தால், அழித்துவிடு. அனுப்பியவருக்கும் ஒன்றும் சொல்லாதே.

மறுநாள் இன்பாக்ஸ் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அலுவலக அக்கா மட்டும் திருப்திப்படவில்லை.

"அழிச்சிடாதீங்க சார். ஒரு ஓரமா போட்டு வையுங்க, காலைல நான் ஒரு பார்வ பாத்துக்கறேன்."

"குப்பைய பத்திரமா எடுத்து வெக்கிற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்க்கா" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பள்ளி திறந்து சில வாரங்களில், பக்கத்தில் உள்ள சாரம் பகுதியிலிருந்து ஓர் அம்மா பதினொன்றாம் வகுப்புப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அந்தப் பெண்ணின் அத்தை. தாய் இல்லை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறார். மகளை அங்கே பள்ளியில் சேர்க்க எங்களிடமிருந்து படிப்புச் சான்றிதழ் வேண்டும் என்று நாலு முறை மெயில் எழுதினாராம்.

"எழுதியாச்சு, பதில் வரும், நீ போயி தொந்தரவு பண்ணாதன்னு எங்கண்ணன் சொன்னாரு. இப்ப கடைசித் தேதியே போயிடுச்சு சார்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இன்பாக்ஸில் அந்த அப்பாவின் பெயரைத் தேடினேன். இல்லை. "ஒண்ணுகூட வரலீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அனுப்பியிருந்தா வராம எங்க போகும்?" என்றும் சேர்த்துக்கொண்டேன். அத்தை அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு, "நீ அனுப்பவே இல்லியாமே, இவங்க சொல்றாங்க" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகுதான் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். நாலு வரிகள் இருந்தன. நாலும் ஒரே முகவரி: அந்த அப்பாவின் பெயர், ஒட்டினாற்போல் ஆறு இலக்கத்துக்கு மேல் ஓர் எண். அது ராணுவத்தில் அவருக்குக் கொடுத்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும். சொல்தா குடும்பங்களில் அந்த எண்ணை எவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அழிக்கப்பட்டது என்று இருந்தது.

அந்த விதியை நீக்கினேன். சான்றிதழை அன்றே அடித்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தேன். ஆனால் அந்த நாலு வரியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. தேதிதான் போய்விட்டதே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கேயே முடித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க அந்தப் பெண் தனியாக வந்தாள். அக்கா அன்று விடுப்பு. "அப்பாகிட்ட போறியாம்மா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுறாரு சார். நான்தான் வரலன்னுட்டேன். என்னைய வேணும்னு இருந்தா அப்பவே எழுதியிருப்பாருல்ல? நாலு தடவ எழுதுனேன்னு இன்னிக்கும் பொய் சொல்றாரு" என்றாள்.

பதிவேடு இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. திறந்து காட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள் என்று சொல்லி, சான்றிதழை அவள் பக்கம் நகர்த்தினேன்.