தருண் வந்து மாட்ட வேண்டிய ஃபேன்

பிள்ளை கனடாவில் இருந்தால் ஊரிடம் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. கடல் தாண்டிப் போய்விட்டான், லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை எகிறிவிட்டது என்று நீட்டி முழக்கலாம். அகல்யாவின் பிள்ளை பாணேரில் இருந்தான். அவள் இருந்தது வானவடியில். ஒரே பூனா, ஒரே மழை. நடுவில் கிடந்தது ஒன்றரை மணி நேர டிராஃபிக் மட்டும்தான். அதைத் தாண்டித் தருண் ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் வருவான். காபியைக் குடிப்பான், போனைப் பார்த்துக்கொண்டே ஷூவை மாட்டுவான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கூப்பிடு தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏங்குகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?

அகல்யா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். ராமநாதனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது இந்தியில் அவளுக்குத் தெரிந்தது ‘நஹி’ ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்தே காய்கறிக்காரனைப் பாதி விலைக்கு இறக்கினாள் என்று ராமநாதன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அகல்யாவுக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது. தருண் காலேஜில் படிக்கும்போது, ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து போட்டுக் கொடுத்தான். விளையாட்டாகத்தான் போட்டான். அவள் அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கட்கி, கசார்வாடி, தேஹு ரோடு என்று சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஜாதகம் அடித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். எந்த வீட்டில் எப்போது கெட்டிமேளம் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, தன் பிள்ளை எந்த ஞாயிற்றுக்கிழமை வருவான் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

அந்த சாஃப்ட்வேர் ஓடியது தருணின் பழைய கம்ப்யூட்டரில். ஒவ்வொரு பாகமாக வாங்கி, தன் அறைத் தரையில் பரப்பி, அவனே பூட்டியது அது. ஒரு கோடையில் சூடு தாங்கவில்லை என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, “காத்துப் போகட்டும்மா” என்று பரணில் போட்டான். பிறகு வேலை, வைஷாலியுடன் கல்யாணம், பாணேரில் ஃபிளாட். வைஷாலி நல்ல பெண். மராத்திக்காரியானாலும் மாமியாருக்குத் தவறாமல் “ஜேவ்லாத் கா, ஆயீ?” என்று சாப்பாட்டை விசாரித்து மெசேஜ் போடுவாள். குற்றம் சொல்ல ஆளே இல்லாததுதான் அகல்யாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. தகடு இல்லாத பெட்டி மட்டும் அவன் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. தகட்டை மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அவன்தானே கழற்றினான், அவனே மாட்டட்டும்.

இந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு ராமநாதன் மார்க்கெட்டிலிருந்து ஜெண்டுப் பூவை அள்ளிக்கொண்டு வந்தார். இங்கே செண்டுமல்லிக்கு அதுதான் பெயர். தசராவுக்கு இந்த ஊரில் பால் வண்டி முதல் பஸ் வரை எல்லாமே அந்தப் பூவோடுதான் ஓடும். அகல்யா கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழ மாலையையும் பெட்டி மேல் போட்டாள். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை மாலையோடு ஓட்டி வேலையைத் தொடங்குவது வழக்கம். ராமநாதனின் ஸ்கூட்டர் மாலையோடுதான் பால் வாங்கப் போய்வந்தது. ஸ்கூட்டருக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா? சூடம் காட்டி, கண்ணை மூடி, ஸ்விட்சைப் போட்டாள்.

மாலை திறந்த பக்கம் வழியாக உள்ளே சரிந்தது. நடுவில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் அதன் நூலைக் கவ்வியது. கடகடவென்று ஒரு சத்தம். அறை முழுக்கப் பூ இதழ். பிறகு ‘டப்’பென்று இறக்கை முறிகிற சத்தம். ராமநாதன் பால் பாத்திரத்தோடு ஓடிவந்து பார்த்தபோது அகல்யா தலையெல்லாம் பூவாக உட்கார்ந்திருந்தாள்.

“என்ன புள்ள, கம்ப்யூட்டர் உனக்கே பூமாரி பொழிஞ்சுட்டுதாக்கும்?”

“உங்களுக்கு எப்பவும் எகத்தாளந்தான். போனை எடுங்க. தருணைக் கூப்பிடோணும்.”

விஷயத்தைக் கேட்ட தருண் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அப்புறம் சிரித்தான். “அரே அம்மா! ஃபேனுக்கு மாலையா? நிஜமாவா?” மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசமாகிவிட்டது! அகல்யாவுக்கு வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. காதோடு போனை ஒட்டிவைத்துக்கொண்டாள்.

“சிரிடா, நல்லாச் சிரி. சிரிச்சு முடிச்சுட்டு வந்து பாரு.”

“ஆப்ல ஒரு ஆளை புக் பண்றேன்மா. பதினஞ்சு மினிட் வேலை.”

“ஆளெல்லாம் வேண்டாஞ்சாமி. நீ மாட்டுன பெட்டி. நீ வா.”

“அச்சா, சண்டே பாக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் அரிசியும்பருப்புச் சாதம் செய்தாள். அவனுக்கு அது என்றால் உயிர். நெய்யை உருக்கி வைத்தாள், அப்பளம் பொரித்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு மெசேஜ்தான் வந்தது. ஆபீஸில் அவசர வேலை, வர முடியவில்லை. புது ஃபேன் ஆர்டர் போட்டாயிற்று. வீடியோ கால் போட்டுச் சொல்கிறேன், நீயே மாட்டிவிடலாம், ஈஸி. அகல்யா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அதை இரண்டு தரம் படித்தாள்.

“பேசாம கீழ கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இர்பானைக் கூப்பிடறேன்” என்றார் ராமநாதன். “ஜாதகத்துக்கு வாரவங்க திரும்பிப் போறாங்கல்ல?”

“இர்பான் கை வெச்சா நேராகிப்போகும். பொறவு இவன் எதுக்குங்க வருவான்?”

“இப்ப மட்டும் வந்துட்டானாக்கும்!”

அதுவும் வாஸ்தவம்தான். ஆனால் அகல்யா வேறு ஒரு கணக்குப் போட்டாள். வழக்கமாகத் தருண் போன் செய்தால் ‘சாப்டியா, அப்பாக்கு பிபி எப்படி, சரிம்மா வெக்கறேன்’ என்பதோடு தீர்ந்தது. ஃபேன் மாட்ட வேண்டுமென்றால் மாட்டி முடிக்கிறவரை அவன் போனிலேயே இருந்தாக வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் பொரி பொரிதானே!

புது ஃபேன் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் கால் போட்டான். ராமநாதன் போனைப் பிடித்துக்கொண்டார். அகல்யா சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“முதல்ல ரெண்டு நிமிஷம் ஆன் பண்ணி விடும்மா. ஃபேனுக்கும் சிப்புக்கும் நடுவுல சூட்டை இழுக்கற பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். சூடானா இளகும். சூடாகாம இழுத்தா சிப்பும் கையோட வந்துடும்.”

ஆன் செய்து, அணைத்து, ஒயரை எல்லாம் பிடுங்கி, அவன் சொன்ன கொக்கியை விடுவித்து, ஃபேனை அதன் அடிக்கட்டையோடு மெல்ல இடமும் வலமுமாகத் திருகினாள். இட்லித் தட்டிலிருந்து ஆறாத இட்லியை எடுக்கிற பதம் அது. வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறப் பசை.

“சபாஷ்! அதைத் துடைச்சுடு. இப்போ புது பேஸ்ட் ஒரே ஒரு பொட்டு. மட்டர் சைஸ்.”

“பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?”

“அம்மா!” மறுபடி அதே சிரிப்பு. “காஞ்சதுதான். அப்பா, போனை கீழ கொண்டு வாங்க. இன்னும் கீழ. அம்மா, உன் தலை மறைக்குது!”

அதட்டினான். அந்த அதட்டலில் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இதே அறையில், இதே பெட்டிக்கு முன்னால், டார்ச்சை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லி இப்படித்தான் அதட்டுவான். தெரிந்த ஸ்க்ரூவையே தெரியாததுபோல் இரண்டு தரம் கேட்டாள். கொக்கியை வேண்டுமென்றே கோணலாக வைத்தாள். அவன் கோபிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னான்.

நடுவில் ராமநாதனின் கை தளர்ந்து போன் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. தருண் பேச்சை நிறுத்தினான்.

“அம்மா, என் ரூம் கர்ட்டன் புதுசா?”

“மழைக்கு முன்னாலயே மாத்தியாச்சு கண்ணு.”

“ஓ” என்றான். மழை ஓய்ந்து தசராவும் போய்விட்டது. ராமநாதன் போனை மறுபடி பெட்டிப் பக்கம் திருப்பினார்.

ஸ்விட்சைப் போட்டதும் புது ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

“டன்! சூப்பர்மா. சரி, எனக்கு இன்னொரு கால் வருது. வெக்கறேன்.”

வைத்துவிட்டான். அகல்யா கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததில் சந்தோஷப்பட வேண்டியவளுக்கு அழுகை முட்டியது. ஏன்தான் இவ்வளவு சீக்கிரம் மாட்டித் தொலைத்தோம் என்று தன் கைமேலேயே கோபம் வந்தது.

அடுத்த வாரம் நாலைந்து ஜாதகம் அடித்தாள். ஃபேன் குறையில்லாமல் ஓடியது. தருணிடமிருந்து ஒரு போன் வந்தது. சாப்டியா, பிபி எப்படி, வெக்கறேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, ஃபேனின் சின்ன பிளக்கை நெம்பி நெம்பிப் பிடுங்கினாள். நகக்கண் சிவந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“ஏனுங்க, ஃபேன் சுத்த மாட்டேங்குது.”

ராமநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். நேற்று ராத்திரிவரை நன்றாக ஓடியதை அவரும் பார்த்தவர்தான். அவள் முகத்தைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். போனை எடுத்துப் பிள்ளைக்கு வீடியோ கால் போட்டார்.

“என்னம்மா மறுபடியும்? அப்பா, உள்ள காட்டுங்க. கொஞ்சம் லெஃப்ட்… போதும், போதும்.” தருண் முகத்தைத் திரைக்கருகே கொண்டுவந்தான். “அம்மா, ஃபேன் பிளக்கே வெளிய தொங்குது.”

“அப்படியா? எனக்கென்ன கண்ணு தெரியும்? மெஷினாச்சே. தானா கழண்டிருக்கும்.”

“அது தானா கழலாதும்மா. டைட்டா இருக்கும். கையால பிடிச்சு இழுத்தாத்தான் வரும்.”

அகல்யா முந்தானையால் பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். இந்த வயசில் பிள்ளையிடம் கையும் களவுமாகப் பிடிபட்டது மானக்கேடாக இருந்தது. திரும்பச் சொருகு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். ஒரு நொடி வேலை. அவ்வளவுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையும்.

“அம்மா.” அவன் குரல் இறங்கியிருந்தது. “நீ ஒண்ணும் தொடாதே. நான் வர்றேன்.”

“வேலை இருக்குமே சாமி…”

“இருக்கு. வந்து பிளக்கைச் சொருகிட்டு, ஒரு காபி குடிச்சுட்டு உடனே கிளம்பணும். நான் இப்போ வண்டி எடுக்கறேன்.”

போனை வைத்த பிறகும் அகல்யா நம்பாமல் நின்றாள். அப்புறம் அடுப்படிக்கு ஓடி அரிசியையும் பருப்பையும் களைந்து போட்டாள். குக்கரை மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அது உறைத்தது. பிளக்கைச் சொருக எவ்வளவு நேரம் ஆகும்? சோறு ஆறுவதற்குள் சொருகிவிடுவான். ஒன்றரை மணி நேரம் வந்து, ஒரு நிமிஷம் குனிந்து, ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

அவள் அறைக்குத் திரும்பினாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போன வாரம் பிள்ளை சொல்லிக்கொடுத்த வரிசை நன்றாக நினைவிருந்தது. புது ஃபேனைக் கழற்றித் தரையில் வைத்தாள். டிஸ்க்கை உருவினாள். பெயர் தெரியாத ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. ராமநாதன் நின்றுகொண்டிருந்தார். அகல்யாவின் கை நின்றுபோனது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

அவர் உள்ளே வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியின் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் நாலு ஸ்க்ரூ விட்டுட்ட பாரு புள்ள” என்றார். “அதையும் கழட்டிப்போடு. சாயங்காலம் வரைக்கும் இருப்பான்.”