நட்ட நடு வட்டம்

தேவமணி நாசரேத் பக்கத்துக்காரி. புருஷன் இன்னொருத்தியோடு போனபின் அண்ணன்மாரும் கைகழுவினார்கள். ஓசூர் கம்பெனிதான் கதியென்று ஆயிற்று. அங்கே மத்திகிரிப் பகுதி ஷீட் வீட்டில் கூடத் தங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போக, இப்போது துணைக்கு ஊத்தங்கரை ரஞ்சிதா மட்டும். போன ஆடியில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வாந்தி அள்ளி, கஞ்சி ஊட்டி, லீவு போட்டு ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தவள் தேவமணி. பெற்ற தாய்கூட விதைப்பு முடிந்துதான் வந்தாள்.

அன்று காலை டெல்பின் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் டேப்லெட்டோடு வந்தாள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு யார் யார் துணை என்று பதிகிறார்களாம். திரையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். நெருங்கியவர் பெயரை விரலால் இழுத்து நடுவில் வைக்க வேண்டும். தேவமணி ஒரே பெயரைச் சொன்னாள். புதுப்பெண் போலக் கூச்சப்பட்டு, ரஞ்சிதாவை நட்ட நடுவில் வைத்தாள்.

அடுத்தது ரஞ்சிதா.

"வெளிய போய் தனியா பேசலாங்களா?" என்றாள் டெல்பின்.

"பரவால்லீங்க, அக்காதான."

தேவமணி அடுப்பைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். அம்மா, தங்கச்சி, மாமா, கூடப் படித்தவள், லைன் சூப்பர்வைசர்கூட வந்துவிட்டார். இலவு காத்த கிளியாக அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

டெல்பினே பொறுக்காமல் கேட்டாள். "கூடத் தங்கியிருக்கறவங்க?"

"அவங்க சும்மா ரூம்ல இருக்கறவங்க. வேணும்னா ஓரமா போட்டுக்கங்க. தேவாக்கா. முழுப்பேரு தெரியலீங்க."

தேவமணியால் அவளை நன்றிகெட்டவள் என்று வையவும் முடியவில்லை. அந்தப் பெண் வஞ்சகமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் கொன்றது.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"அக்கா, டப்பா கட்டிட்டீங்களா?"

தனக்கு மத்தியான ஷிப்ட் என்றாலும், முன்னாலேயே கட்டி வைத்திருந்ததைக் கொடுத்தாள். ரஞ்சிதா வாங்கிக்கொண்டு ஓடினாள்.

தேவமணி டெல்பினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "எம்மா, நான் சொன்ன பேர எடுத்துரு."

டெல்பின் தலை நிமிராமல் எடுத்தாள். வட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

"ஒரு பேராவது இல்லாம இது அடுத்த பக்கம் போகாதுங்கக்கா. யாரா இருந்தாலும் சரி, யோசிச்சு சொல்லுங்க."

தேவமணி யோசித்தாள். குழம்பு அடிபிடித்து நாறியது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் யோசித்தாள்.

"ஒம் பேரு என்னம்மா சொன்ன?"